சான்றிதழில் வைத்த பொட்டு

அந்த எண்ணம் எனக்கு வந்தது ஒரு பல்லி விழுந்த நேரத்தில்.

சனிக்கிழமை காலை. எங்கள் தோட்டத்துப் பழைய பிள்ளைக் காம்பரா. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போவதற்காகக் கட்டிய அறை அது. புதிய கட்டடம் வந்தபின் பூட்டிக் கிடந்ததைத் திறந்து, கூட்டிக் கழுவி, நானும் மேல் லயத்து வரிசை வீட்டுத் தங்கச்சி ஒருத்தியும் அங்கே சனிக்கிழமை வகுப்பு நடத்துகிறோம். சுவரில் யாரோ எப்போதோ வரைந்த வாத்துகள் இன்னமும் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குக் கீழே பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நான் கொடுத்த படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

நான் பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம், உளவியல். ஆய்வுக்கு எடுத்திருந்த விடயம் தோட்டத்து மாணவர்களின் மகிழ்ச்சி. படிவத்தில் வரிசையாக வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வாய்விட்டுச் சிரிக்கிற முகம் தொடங்கி அழுகிற முகம் வரை ஐந்து முகங்கள். தனக்குப் பொருந்துகிற முகத்தைச் சுற்றி வட்டம் போட வேண்டும். ‘நான் கெட்டிக்காரி’, ‘என்னை நினைத்து எனக்குப் பெருமை உண்டு’ என்கிற மாதிரி வாக்கியங்கள். இரண்டு இரவு உட்கார்ந்து நானே எழுதினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

தாள்களைச் சேர்த்துக்கொண்டிருந்தபோதுதான் கூரையிலிருந்து ஒரு பல்லி, முன்வரிசையில் இருந்த ஒருத்தியின் தலையில் விழுந்து, அங்கிருந்து அவள் தாளின் மேலேயே ஓடியது. அது எந்த முகத்தை மிதித்துவிட்டுப் போனது என்று உடனே ஒரு விவாதம். தலையில் விழுந்தால் என்ன பலன் என்று இன்னொரு விவாதம். இரண்டுக்கும் நடுவில் எல்லோருக்கும் சிரிப்பு. ஒருத்தி தாங்க முடியாமல் பக்கத்தில் இருந்தவளின் மடியில் சாய்ந்துவிட்டாள். என் கையில் இருந்த தாள்களிலோ, கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் வட்டம் அழுகிற முகத்தில். தாளை நம்பினால் நாட்டிலேயே துயரமான பிள்ளைகள் இவர்கள்தான்.

நான் விடவில்லை. ஏன் இப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். பல்லி விழுந்தவள்தான் பதில் சொன்னாள்.

“நான் கெட்டிக்காரின்னு நானே எழுதினா எங்கம்மா வெளக்குமாத்த எடுக்கும் அக்கா.”

பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. “எனக்கு அது மட்டும் இல்ல. நாயித்துக்கெழம பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட வேற சொல்லணும்.”

மறுபடியும் சிரிப்பு. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தலைக்குள் ஏதோ ஒன்று தட்டி நின்றது. இந்தப் பிள்ளைகள் பொய் எழுதவில்லை. தங்களைக் கீழாக நினைக்கவுமில்லை. தன்னை நல்லவிதமாகச் சொல்கிற வேலையைத் தன் வாய் செய்யக்கூடாது என்பது இவர்கள் வளர்ந்த ஒழுங்கு. அப்படியானால் அந்த வேலையை யார் வாய் செய்கிறது? யாருமே செய்யாவிட்டால் அந்தப் பிள்ளைக்குத் தன்னைப் பற்றி எப்படித் தெரிகிறது? அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய் ஆய்வுக்கு நான்கு புதிய தலைப்புகள் எழுதினேன். அடுத்த நாள் அவற்றில் மூன்று பிடிக்கவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

இந்த ஒழுங்கு எனக்குப் புதிதல்ல. எங்கள் வீட்டில் நான் வாங்கிய சான்றிதழ்கள் எல்லாம் சூட்கேசுக்கு அடியில், அம்மாவின் கல்யாணச் சேலைக்குக் கீழே இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தபோது, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பிரட்டுக் களத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா “ஏதோ எழுதியிருக்கா” என்றுதான் சொன்னார். நாங்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், தற்பெருமை பாவம் என்பது ஒரு பக்கம், கண் படும் என்பது இன்னொரு பக்கம். இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் எங்கள் வீட்டுக் காம்பராவில் குடியிருந்தன. பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் வாரம், விடுதியில் ஒரு சிங்களப் பிள்ளை எந்தக் கூச்சமும் இல்லாமல் “எனக்கு நல்லா ஆட வரும்” என்று சொன்னாள். பொது இடத்தில் உடுப்பு மாற்றுகிறவளைப் பார்த்த மாதிரி நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஊர் எது என்று கேட்டால் ‘தெரணியகலை டவுன் பக்கம்’ என்பேன். டவுனிலிருந்து எங்கள் லயத்துக்கு இன்னும் எத்தனை வளைவு என்பதைச் சொன்னதில்லை.

இப்போது மேல் லயத்துத் தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவளுக்கு என்னைவிட மூன்று வயது குறைவு. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, ஆசிரியர் பயிற்சிக்காகக் கல்வியியல் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள். வகுப்பில் நான் பேசுகிறவள், அவள் படிப்பிக்கிறவள். என் கணக்குப் பாடம் முடிந்ததும் பிள்ளைகள் அவளிடம் போய் மெதுவாக மறுபடியும் கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். பல்லி விழுந்த அடுத்த வாரம் அவளுக்கு நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. அவளுடைய உயர்தரப் பெறுபேற்றை வைத்து விண்ணப்பிக்க அதுதான் கடைசி வாய்ப்பு. தவறினால் அவிசாவளைப் பக்கம் உடுப்புத் தைக்கிற கார்மெண்டில் சேர்வது என்று பெரியம்மா மகளிடம் ஏற்கெனவே சொல்லியும் வைத்திருந்தாள். கார்மெண்டில் வேலை செய்கிற பிள்ளைகள் எங்கள் தோட்டத்தில் நிறையப் பேர். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இவள் படிப்பிக்கப் பிறந்தவள். இதை அவள் முகத்துக்கு முன்னால் நான் சொன்னதில்லை.

நேர்முகத்துக்குத் தயார்படுத்துகிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பிள்ளைக் காம்பராவில் மிச்சமிருந்த ஒரு குட்டி நாற்காலியில், முழங்கால் தாடையில் இடிக்க, அதிகாரி மாதிரி உட்கார்ந்தேன்.

“உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.”

அப்பா ரப்பர் பால் வெட்டு, அம்மா கொழுந்து, தம்பி பதினோராம் வகுப்பு என்றாள். உன்னைப் பற்றிச் சொல் என்றேன். அதைத்தானே சொன்னேன் என்றாள். உனக்கு எது நன்றாக வரும் என்று கேட்டேன்.

“அப்பிடி விசேஷமா ஒண்ணும் இல்ல அக்கா.”

மாகாண மட்டத்தில் நீளம் பாய்தலில் மூன்றாம் இடம் வந்தவள் இவள். ரப்பர் மலைக்குக் கீழே, ஓடைக்கரையில், தம்பியோடு சேர்ந்து மண்ணைக் கிளறி மணல் கொட்டிக் குழி செய்து, வெறுங்காலோடு பாய்ந்து பாய்ந்து பழகியவள். அதைச் சொல்லேன் என்றால், “அது சேர்ட்டிபிகட்டுல இருக்குந்தானே” என்றாள். சரி, சான்றிதழைக் கொண்டு வா என்றேன். அதற்கு அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கொண்டுவர முடியாது, வீட்டுக்கு வந்து பார்த்தால் விளங்கும் என்றாள்.

போய்ப் பார்த்தேன். அவர்கள் வீட்டுக் காம்பராவின் கிழக்குச் சுவரில் சாமிப் படங்கள். முருகன், மாரியம்மன், சரஸ்வதி. சரஸ்வதிக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், சவர்க்காரப் பெட்டி அட்டையில் பொருத்தி, மேலே பொலித்தீன் தாள் கட்டி, இவளுடைய சான்றிதழ்கள். அவளுடைய அப்பா செய்த வேலை. லெமினேட் பண்ண வேண்டாம், நேர்முகத்தில் முத்திரையைத் தடவிப் பார்ப்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள். அதனால் பொலித்தீன். ஒவ்வொரு வருடமும் சரஸ்வதி பூசையன்று அந்தப் பொலித்தீனைத் தூக்கிவிட்டு, தாளின் மேலேயே சந்தனமும் குங்குமமும் வைப்பாராம். மேலே வைத்தால் ஆகாதா என்று இவள் ஒருதரம் கேட்டிருக்கிறாள்.

“மேல வச்சா ஆசீர்வாதம் பொலித்தீனுக்குல்ல போகும்” என்று அப்பா சொன்னாராம்.

மாகாணச் சான்றிதழில் மூன்று பொட்டு இருந்தது. மூன்று வருடம். ஒன்று சரியாக முத்திரைக்குப் பக்கத்தில். உயர்தரத்துக்கு டவுன் பள்ளிக்கூடத்தில் சேரப் போனபோது அதைக் கொண்டுபோயிருக்கிறாள். வரிசையில் நின்ற ஒரு பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, இது என்ன, கோயில் அர்ச்சனைச் சீட்டா என்று கேட்டு, பக்கத்தில் இருந்தவர்களுக்கும் காட்டியிருக்கிறாள். அதற்குப் பிறகு இவள் அதைச் சுவரிலிருந்து இறக்கவே இல்லை. நேர்முகத்துக்குப் போட்டோ கொப்பி மட்டும் கொண்டுபோவதாக இருந்தாள். கொப்பியில் பொட்டு கறுப்பாக, மைப்புள்ளி மாதிரி விழும். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

மூலப்பிரதி இல்லாமல் போனால் விளையாட்டுக்குக் கொடுக்கிற புள்ளி கிடைக்காது என்று எனக்குத் தெரியும். கழற்று, நான் சுத்தமாக்கித் தருகிறேன் என்றேன். அப்பாவிடம் சொல்லாமல் எப்படி என்று தயங்கினாள். அவர் ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வருவதற்குள் மறுபடியும் மாட்டிவிடலாம் என்றேன். அவளுடைய அம்மா வேலைக்குப் போயிருந்தார். ஆணியை நானே பிடுங்கினேன்.

பிள்ளைக் காம்பராவில் வைத்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, ஓரத்திலிருந்து மெல்ல ஒற்றினேன். சந்தனம் லேசாக வந்துவிட்டது. அது எனக்குத் தைரியம் கொடுத்தது. குங்குமத்தில் வைத்தேன். அது வரவில்லை, இளஞ்சிவப்பாகப் படர்ந்தது. இன்னும் கொஞ்சம் ஸ்பிரிட். அடுத்த ஒற்றலில் முத்திரையின் ஊதா நிறம் கிளம்பி, குங்குமத்தோடு கலந்து, கையெழுத்தின் மேல் வழிந்தது. நான் பஞ்சை எடுத்தபோது அங்கே முத்திரையும் இல்லை, கையெழுத்தும் இல்லை. மழைத்தண்ணீர் இறங்கிய சுவர் மாதிரி ஒரு கறை மட்டும் இருந்தது.

அவள் என் கையிலிருந்து பஞ்சை வாங்கி, ஸ்பிரிட் போத்தலை மூடினாள். பிறகு, “பரவாயில்ல அக்கா” என்றாள்.

அவள் ஏசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நேர்முகத்துக்கு இன்னும் ஆறு நாள்தான் இருந்தது. அவளுடைய மற்றச் சான்றிதழ்கள் எல்லாம் பள்ளிக்கூட மட்டத்தில் வாங்கியவை. பெறுமதியான ஒன்றே ஒன்று இதுதான்.

அவளுடைய அப்பாவிடம் நான்தான் சொன்னேன். மாமா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். மாமா அப்போதுதான் வந்து, பால்வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். துடைத்துக்கொண்டு வந்து தாளை வாங்கி, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அந்தப் பொட்டு யாருக்குங்க இடைஞ்சலா இருந்துச்சு?”

நேர்முகத்தில் இருக்கப்போகிறவர்களுக்கு என்று சொல்லலாம். அவர்களை நான் பார்த்ததுகூட இல்லை. அவர்கள் சிரிப்பார்கள் என்று முடிவு கட்டியது நான். டவுன் பக்கம் என்று ஊரைச் சொல்கிற அதே ஆள்தான் ஸ்பிரிட் போத்தலைத் திறந்திருக்கிறாள். சுயமதிப்புப் பற்றி ஒரு ஆய்வே செய்கிறேன். அடுத்தவர் வீட்டுச் சுவரில் இருந்த மதிப்பை என் கையாலேயே கழுவிவிட்டிருக்கிறேன்.

மாமா பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. இது எங்கே கொடுத்தது என்று கேட்டார். இரத்தினபுரி என்றாள் மகள். அப்படியானால் அவர்களிடம் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள், நாளைக்குப் போவோம் என்றார். வேலை இருக்கே அப்பா என்றாள். “ஒரு நாள் வெட்டாட்டி மரம் ஒண்ணும் கோவிச்சுக்காது” என்றார்.

மறுநாள் மூவரும் அவிசாவளை போய், அங்கிருந்து இரத்தினபுரி பஸ் ஏறினோம். மாமா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மகள் வழியெல்லாம் அந்தத் தாளைக் கோப்புக்குள் வைத்து மடியில் பிடித்திருந்தாள். சான்றிதழ் கொடுத்த அலுவலகத்தில் இரண்டு மேசைக்கு அனுப்பி, மூன்றாவது மேசையில் இருந்த பெண் அதிகாரி, ஒரு சிங்கள நோனா, எங்களை உட்காரச் சொன்னார். தாளை வாங்கிப் பார்த்தார். “மேக்கட்ட மொகத உனே?” என்றார். இதற்கு என்ன ஆனது என்று சிங்களத்தில் கேட்டார்.

நான் படித்தவள், விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மாமா ஒரு அடி முன்னால் வந்துவிட்டார்.

“மே மகே துவ, நோனா” என்று தொடங்கினார். இது என் மகள். அதற்குப் பிறகு அவர் நிறுத்தவில்லை. அவருடைய சிங்களம் ஆற்றுத்தண்ணீர் மாதிரி. சின்ன வயதிலிருந்து கிராமத்துப் பொடியன்களோடு திரிந்து வந்த சிங்களம். எங்கள் தோட்டத்தில் இவளைப் போலப் பாய ஆள் இல்லை என்றார். சப்பாத்து இல்லாமல் பழகினாள், பள்ளம் வெட்டியதும் அவளே என்றார். சனிக்கிழமையில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள், ஒருவரிடமும் ஒரு சதம் வாங்குவதில்லை என்றார். ஒன்றைத் தொட்டால் முடிக்காமல் விடமாட்டாள், எனக்கும் அவள் அம்மாவுக்கும் இருக்கிற மூளையைச் சேர்த்தாலும் இவளுக்குக் கிட்ட வராது என்றார். அதனால்தான் சரஸ்வதிக்குப் பக்கத்தில் மாட்டினேன், அதனால்தான் பொட்டு வைத்தேன் என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. துடைக்கப் போய் இப்படி ஆகிவிட்டது என்று மட்டும் சொன்னார்.

நோனா சிரித்துக்கொண்டே கேட்டார். நான் திரும்பி மகளைப் பார்த்தேன். அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஓடவில்லை. அதை அவள் அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதிவுப் புத்தகத்தில் அவள் பெயர் இருந்தது. பாய்ந்த தூரமும் இருந்தது. அதை நோனா வாய்விட்டு வாசித்து, மாமாவைப் பார்த்துத் தலையாட்டினார். மத்தியானத்துக்குள் உறுதிப்படுத்தும் கடிதம் முத்திரையோடு கைக்கு வந்தது. கறைபட்ட தாளை நான் என் பைக்குள் வைக்கப் போனபோது, “ஏக்கத் அரங் யன்ன நங்கி” என்று நோனா மகளிடம் சொன்னார். அதையும் நேர்முகத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். மறைத்தால்தான் கேள்வி வரும் என்றார்.

திரும்பி வரும்போது மகளுக்கு முன்னால் இடம் கிடைத்தது. நானும் மாமாவும் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. இதையெல்லாம் வீட்டில் அவளிடம் சொன்னதே இல்லையா என்று கேட்டேன்.

“வீட்டுல எப்பிடிங்க சொல்றது. நம்ம கண்ணே பட்டுருமே.”

அங்கே மட்டும் சொன்னீர்களே என்றேன்.

“அது அவங்க பாஷைதானே. அதுல சொன்னா ஒட்டாது.”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மழைக்குக் குடை எடுக்கிற மாதிரி, தெரிந்த ஒரு விடயத்தைச் சொன்னார். நான் அவிசாவளை வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு நின்றேன். ஆஸ்பத்திரியிலும் கிராம சேவகரிடமும் அரசாங்கக் கந்தோரிலும் நாங்கள் யார், எங்களுக்கு என்ன தகுதி என்று சிங்களத்தில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாவிட்டால் வேலை நடக்காது. அதனால் அந்தப் பாஷையில் எங்களுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது. தமிழ் வீட்டுக்குள் இருக்கிறது. அங்கே பணிவு, திருஷ்டி, பாவம் எல்லாம் காவல் நிற்கின்றன. ஒரு பிள்ளையைப் பற்றிய நல்ல சொல் வெளியே போய் வேற்று ஆளிடம் சேர்கிறது. அந்தப் பிள்ளையின் காதுக்கு மட்டும் வருவதில்லை. என் படிவத்தில் இதற்கு ஒரு முகம்கூட இல்லை.

டவுனில் இறங்கியபின் தங்கச்சியிடம் கேட்டேன், அப்பா சொன்னதைக் கேட்டாயா என்று.

“கேட்டேன்” என்றாள். கொஞ்ச தூரம் நடந்தபின், “காதெல்லாம் சுட்டுருச்சு அக்கா” என்றாள்.

நேர்முகத்தன்று நான் வெளியே ஒரு பலா மரத்தடியில், மற்றப் பிள்ளைகளின் அப்பா அம்மாமாரோடு காத்திருந்தேன். அவள் வெளியே வந்து முதலில் தண்ணீர் குடித்தாள். பிறகு சொன்னாள். உள்ளே மூன்று பேர். கறையைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள். இவள் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள்: அப்பா பொட்டு வைத்தார், நாங்கள் வெட்கப்பட்டு அழிக்கப் போனோம், இப்படி ஆகிவிட்டது. ‘நாங்கள்’ என்று சொன்னாளாம். ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். கடிதத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். அதன்பிறகு, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று தமிழில் கேட்டிருக்கிறார்கள். வாய் அடைத்துவிட்டது. சிங்களத்தில் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறாள். சரி என்றார்கள்.

“‘தாத்தா கியன்னே’ன்னு ஆரம்பிச்சேன் அக்கா. எங்கப்பா சொல்றாருன்னு சொல்லி, அன்னைக்கு அப்பா சொன்னத அப்பிடியே சொல்லிட்டேன். மூளை விஷயம் மட்டும் விட்டுட்டேன்.”

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மூவரில் வயதானவர், தமிழ் ஆள், ஒன்று சொன்னாராம். “நீங்க பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போறது தமிழ்லதானே மகள்? அப்ப இதையும் தமிழ்ல சொல்லப் பழகுங்க. இல்லாட்டி அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்றது?”

அதை அவர் குறையாகச் சொன்னாரா, யோசனையாகச் சொன்னாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. வீடு வரும்வரை இரண்டு விதமாகவும் பேசிப் பார்த்தோம்.

தெரிவானவர்களின் முதல் பட்டியலில் அவள் பெயர் இல்லை. அந்த நாட்களை நான் விரிவாக எழுதப் போவதில்லை. கைபேசியைத் திறக்கும்போதெல்லாம் ஸ்பிரிட் வாசம் வருகிற மாதிரி இருந்தது. அவள் என்னைக் குறையாக ஒரு சொல் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் வழக்கம்போல வந்தாள். கார்மெண்டுக்குக் கொடுக்க, பிறப்புச் சான்றிதழைப் போட்டோ கொப்பி எடுத்தாள். மாமா கறைபட்ட தாளை அதே இடத்தில் மாட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க எனக்குத் துணிவு இருக்கவில்லை.

இரண்டாவது பட்டியலில் பெயர் வந்தது. ஆரம்பக் கல்வி, தமிழ்மொழி. மலைநாட்டுப் பக்கம் ஒரு கல்லூரி. அவள் ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள். “கெடைச்சிருக்கு அக்கா” என்றாள். நான் கத்தினேன். எங்கள் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, ஏன் இப்படிக் கத்துகிறாய், மெதுவாகச் சொல் என்றார்.

அவள் போவதற்கு இன்னும் மூன்று சனிக்கிழமைகள் இருக்கின்றன. கல்லூரியில் முதல் வாரமே ஒவ்வொருவரும் எல்லோர் முன்னாலும் எழுந்து தங்களைப் பற்றிப் பேச வேண்டுமாம். தமிழில். அந்தச் செய்தி வந்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நேர்முகத்தில் அந்தப் பெரியவர் சொன்னது குறையா யோசனையா என்கிற பேச்சு அத்தோடு முடிந்துவிட்டது.

என் ஆய்வை மேற்பார்வை செய்கிற மிஸ்ஸிடம் பேசினேன். படிவத்தில் ‘நான்’ என்று தொடங்குகிற வாக்கியங்களை எடுத்துவிட்டு, ‘என்னைப் பற்றி வீட்டில் சொல்வது’, ‘என்னைப் பற்றி வீட்டார் வெளியில் சொல்வது’, ‘அதை நான் கேட்டிருக்கிறேனா’ என்று மாற்றப் போகிறேன் என்றேன். மிஸ் பொறுமையாகக் கேட்டார். ஒரு குடும்பத்தை வைத்து முடிவுக்கு வராதே, உனக்கு அவசரம் என்றார். உண்மைதான். ஆனால் முடிவுக்கு வருவதற்கும் முயன்று பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறதே.

நேற்று மாமாவிடம் போய்க் கேட்டேன். இந்தச் சனிக்கிழமை பிள்ளைக் காம்பராவுக்கு வர வேண்டும், பிள்ளைகள் முன்னால் மகளைப் பற்றி ஒரே ஒரு நல்ல விடயம் சொல்ல வேண்டும், தமிழில். அவர் நீண்ட நேரம் பால் வெட்டுகிற கத்தியைத் தீட்டினார். பிறகு நிபந்தனைகள் போட்டார். பால் நிறுத்துவிட்டு இரண்டு மணிக்குத்தான் வர முடியும், அதுவரை பிள்ளைகளை இருக்கச் சொல்ல வேண்டும். உள்ளே வரமாட்டார், வாசலில் நிற்பார். மகள் அவரைப் பார்க்கக்கூடாது, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார வேண்டும். யாரும் போனில் எடுக்கக்கூடாது. தங்கச்சியின் அம்மா, அத்தை, உள்ளேயிருந்து, “சொல்லி முடிச்ச கையோட உப்பு மொளகா சுத்திப் போட்டுருவோம்” என்றார். அதற்கும் சம்மதம் சொல்லிவிட்டேன்.

தங்கச்சியிடம் ஒன்று தனியாகப் பேசி வைத்திருக்கிறேன். தமிழில் அப்பாவுக்குச் சொல் நின்றுவிட்டால் அவர் சிங்களத்தில் தொடங்கட்டும். அதைக் கேட்டு அவளே தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘எங்கப்பா சொல்றாரு’ என்று இல்லாமல், ‘நான்’ என்று. ஏலாது என்றாள். பிறகு, முதலாவது சனிக்கிழமை ஏலாது, இரண்டாவதில் பார்ப்போம் என்றாள். மூன்று சனிக்கிழமைகள் இருக்கின்றன.